இறந்தோர் எத்திணை? – ‘நெக்ரோஃபிலியா’ என்னும் சொல்லை முன்வைத்து

இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு வகுப்பில் கலைச்சொல்லாக்கம் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், மாணவர் ஒருவர் எழுந்து நாளிதழ் நறுக்கு ஒன்றை நம்மிடம் நீட்டினார். கருநாடக உயர்நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு ஒன்றைப் பற்றிய ஆங்கிலச் செய்தி அது. அதில் ஒரு சொல்லை மட்டும் மையால் அடிக்கோடிட்டிருந்தார். "ஐயா, இச்சொல்லுக்குத் தமிழ் என்ன?" என்பது அவர் வினா. அச்சொல் ‘நெக்ரோஃபிலியா’.

நாம் ஒரு கணம் தயங்கினோம். பொருள் தெரியாமையால் வந்த தயக்கம் அன்று. மாணவியரும் அமர்ந்திருந்த வகுப்பில் சொல்லக் கூசியமையால் வந்த தயக்கம். அடுத்த வாரம் விடை கூறுவதாகச் சொல்லி அவரை அமர்த்தினோம். ஒரு வாரத்தில் முடியும் என்று எண்ணிய வேலை பல வாரங்களை எடுத்துக்கொண்டது. அவ்விடையை விரித்து எழுதியதே இக்கட்டுரை.

துறை மலரில் இப்படியும் ஒரு பொருளா என்று பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். இறந்தவர் உடலின்பால் கொள்ளும் முறைகெட்ட இச்சையையும், அவ்விச்சையால் அவ்வுடலுக்கு இழைக்கப்படும் தீங்கையும் குறிக்கும் சொல் இது. அதற்குமேல் அச்செயலைப் பற்றி நாம் விரிக்கப்போவதில்லை. சொல்லைப் பற்றியே பேசப்போகிறோம். ஆயினும் சொல்லைத் தேடிய தேட்டம், இறந்தோரின் மானத்தைப் பற்றிய கேள்வியிடம் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மருத்துவமனைப் பிணவறையின் வாயிலில் தம் வீட்டார் ஒருவரின் உடலுக்காக ஒருமுறையேனும் காத்து நின்றவர்க்கு இஃது அயலான பொருள் அன்று.

நெக்ரோஸ்

‘நெக்ரோஃபிலியா’ என்பது இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. முதற்சொல் ‘நெக்ரோஸ்’, இதற்கு இறந்தவர், இறந்தவர் உடல் என்னும் இரு பொருளும் உண்டு. ஹோமரின் காப்பியங்களில் இச்சொல்லும் இதன் உடன்பிறப்பான ‘நெக்கூஸ்’ என்பதும் மிகுதியாகப் பயில்கின்றன. ஒடிசியின் 11ஆம் பகுதியில் நாயகன் இறந்தோரை அழைத்து உரையாடுகிறான். அப்பகுதிக்கே ‘நெக்குயியா’ என்னும் பெயர் வழங்குகிறது.

இலியத்தைப் படித்தோர் ஒன்றைக் கவனித்திருப்பர். அக்காப்பியத்தில் உயிரோடிருக்கும் வீரனுக்காக நடக்கும் போருக்கு ஈடாக இறந்த வீரனின் உடலுக்காகவும் போர் நடக்கிறது. 17ஆம் பகுதி முழுவதும் பட்ரோக்ளஸின் உடலை மீட்பதற்கான போராட்டமே. இறுதிப் பகுதியில் முதியவனான பிரியாம் மன்னன், தன் மகன் ஹெக்டரைக் கொன்றவனின் கூடாரத்திற்கே சென்று மண்டியிட்டு மகனின் உடலைக் கேட்டுப் பெறுகிறான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சோஃபோக்ளிஸ் இயற்றிய ‘அந்திகோனி’ நாடகமும், அடக்கம் மறுக்கப்பட்ட ஓர் உடலுக்காகத் தங்கை ஒருத்தி அரசாணையை மீறிய கதையே ஆகும். கிரேக்கருக்கு நெக்ரோஸ் என்பது வெறும் பொருள் அன்று. அதற்குச் செய்யவேண்டிய கடன் உண்டு. அதற்கு இழைக்கக்கூடாத தீங்கும் உண்டு.

இதற்கு இலக்கணச் சான்று ஒன்றும் கிடைக்கிறது. கிரேக்க மொழியில் பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால், அலிப்பால் என மூவகைப்படும். நெக்ரோஸ் ஆண்பாற் சொல். ‘இறந்தவன்’ என்னும் சாயல் அதற்குண்டு. பிணத்தைக் குறிக்க அம்மொழியில் ‘ப்டோமா’ என்னும் வேறொரு சொல்லும் வழங்குகிறது. அது ‘விழு’ என்னும் வினையடியாகப் பிறந்து ‘விழுந்தது’ என்று பொருள்படும் அலிப்பாற் சொல். இலத்தீனில் உள்ள ‘கதாவெர்’ என்பதையும் ‘விழு’ என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புபடுத்துவர். இன்று மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறு பயில்வோர் நாள்தோறும் வழங்கும் ‘கடாவர்’ இதுவே. ஒன்று ‘இறந்தவன்’, மற்றொன்று ‘விழுந்தது’. ஒரே உடலைப் பார்க்கும் இரு பார்வைகள் இவை. இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதனிடம் திரும்புவோம்.

நெக்ரோஸின் வேர் மிகப் பழையது. இந்தோ ஐரோப்பிய மொழியியலார் இதனை ‘அழிதல், மாய்தல்’ என்னும் பொருளுடைய ‘நெக்’ என்ற மூலத்தோடு இணைப்பர். அம்மூலத்தின் வடமொழிக் கிளையே ‘நஶ்’ என்னும் வினை. அதிலிருந்து வந்த ‘நாசம்’ நம் வீட்டு வசவுகளில் நாள்தோறும் ஒலிக்கிறது. பழம் பாரசீகத்தின் அவெஸ்தா மொழியில் ‘நசு’ என்றால் பிணம். இலத்தீனில் ‘நெக்ஸ்’ என்றால் கொலைச்சாவு. ‘நொகேரே’ என்றால் தீங்கு செய்தல். தீங்கு செய்யாதவர் என்னும் பொருளில் ஆங்கிலத்தார் ‘இன்னொசென்ட்’ என்பது இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஏதென்ஸ் நகரத்துப் பிணமும் நம்மூர்த் தெருச்சண்டையின் ‘நாசமாய்ப் போ’ என்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னபோது வகுப்பு சிரித்தது.

சிரிப்போடு நிற்காமல் மாணவர்கள் தாமே வேர் காணத் தொடங்கியதால் ஓர் எச்சரிக்கையும் தேவைப்பட்டது. அரபியில் இறப்பைக் குறிக்கும் ‘மவ்த்’ என்பதும் வடமொழியின் ‘ம்ருத’ என்பதும் ஒலியால் நெருங்கி நிற்கின்றன; எனவே ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்றார் ஒரு மாணவர். அது பிழை. அரபிச் சொல் மீம், வாவ், தா என்னும் மூவெழுத்து வேரில் நிற்பது. எபிரேயம் முதலிய செமித்திய மொழிகளே அதன் உறவு. வடமொழிச் சொல்லோ இலத்தீனின் ‘மோர்ஸ்’ என்பதற்கு உறவானது. நம் வழக்கிலுள்ள ‘மௌத்து’ம் ‘மரணமு’ம் இருவேறு திசைகளிலிருந்து வந்து தமிழில் சந்தித்தவை. ‘பிணம்’ இவ்விரண்டையும் சாராத திராவிடச் சொல். மலையாளத்தில் பிணம், கன்னடத்தில் ஹெண, தெலுங்கில் பீனுக, துளுவில் புண என்று அதன் இனச்சொற்கள் பரந்து கிடக்கின்றன.

ஒலி ஒப்புமையில் மயங்கிப் பொருளையே மாற்றிக்கொண்டவர்கள் ஐரோப்பாவிலும் உண்டு. இறந்தோரை அழைத்துக் குறி கேட்கும் கலைக்குக் கிரேக்கர் இட்ட பெயர் ‘நெக்ரோமந்தேயா’. இடைக்கால இலத்தீனார் இதனை ‘நிக்ரோமந்தியா’ என்று திரித்து எழுதினர். இலத்தீனில் ‘நிகெர்’ என்றால் கறுப்பு. ஆகவே அது ‘கறுப்புக் கலை’ ஆயிற்று. இறந்தோர் போய்க் கறுப்பு வந்து அமர்ந்துகொண்டது.

நெக்ரோஸின் ஏனைய வழித்தோன்றல்களை விரிப்பின் கட்டுரை நீளும். அலெக்சாந்திரியாவின் மேற்குப் புறநகரில் கல்லறைகளும் தோட்டங்களும் உடல் பதப்படுத்தும் இடங்களும் இருந்ததைக் கூறும் ஸ்திராபோ, அதனை ‘நெக்ரோபொலிஸ்’, அதாவது இறந்தோர் நகர் என்று குறிக்கிறார். உடலின் ஒரு பகுதி மட்டும் செத்துப்போவதை மருத்துவர் ‘நெக்ரோசிஸ்’ என்கின்றனர். இச்சொற்கள் எவையும் நம்மைக் கூச வைப்பவை அல்ல. கூச்சம் வருவது இரண்டாம் சொல் சேரும்போதுதான்.

ஃபிலியா

வியப்பு என்னவெனில், இரண்டாம் சொல் கிரேக்கத்தின் மிக மேன்மையான சொற்களுள் ஒன்று. ‘ஃபிலோஸ்’ என்றால் அன்பிற்குரியவர், நண்பர். ‘ஃபிலியா’ என்றால் நட்பு. அரிஸ்டாட்டில் தம் அறநூலின் 8, 9ஆம் பகுதிகளை முழுமையாக இதற்கே ஒதுக்கினார். நட்பு என்பது இருவர் ஒருவர்க்கொருவர் நலம் நாடுவது, அந்நாட்டம் இருவர்க்கும் தெரிந்திருப்பது என்று அவர் வரையறுக்கிறார். உயிரில்லாப் பொருளின்மீது கொள்ளும் விருப்பத்தை நட்பு என்று சொல்வதில்லை, ஏனெனில் அது நம்மைத் திரும்ப நேசிப்பதில்லை என்றும் அவரே குறிக்கிறார். இச்சையைக் குறிக்கக் கிரேக்கர்க்கு ‘ஈரோஸ்’ என்று வேறு சொல் இருந்தது. அவ்வாறாயின் மறுமொழி தரவியலாத இறந்தோர்பால் கொள்ளும் இழிந்த இச்சைக்கு, மறுமொழியையே உயிராகக் கொண்ட ஃபிலியாவைச் சூட்டியது பொருந்துமா?

அரிஸ்டாட்டில் இதனைக் கேட்டிருந்தால் ஒப்பியிருக்க மாட்டார் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் மருத்துவர்கள் அரிஸ்டாட்டிலைக் கேட்கவில்லை. அவர்கள் கையில் ஃபிலியா ‘சாய்வு’, ‘போக்கு’ என்னும் வெற்றுப் பின்னொட்டாகத் தேய்ந்துவிட்டிருந்தது. காயம் பட்டால் குருதி உறையாமல் வடிந்துகொண்டே இருக்கும் பரம்பரை நோய்க்கு, 1828இல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹோப்ஃப் என்பவர் அளித்த ஆய்வேட்டில் ‘ஹீமோஃபிலியா’ என்னும் பெயர் இடம்பெற்றது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘குருதி நட்பு’! நல்லவேளையாக நம் தமிழ் மருத்துவ எழுத்தாளர்கள் அப்படி மொழிபெயர்க்கவில்லை. ‘குருதி உறையாமை’ என்று நோயின் இயல்பைப் பார்த்துப் பெயரிட்டனர். சொல்லை விட்டுப் பொருளைப் பிடித்த இந்த அறிவுடைமை நமக்குப் பின்னர் உதவும்.

சொல் பிறந்த கதை

செயல் பழையது, சொல் புதியது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஹெரோடொட்டஸ், எகிப்தியர் உயர்குடி மகளிரின் உடலையும் பேரழகு வாய்ந்த மகளிரின் உடலையும் இறந்த உடனே பதப்படுத்துவோரிடம் ஒப்படைப்பதில்லை, 3 அல்லது 4 நாள் கழித்தே ஒப்படைப்பர் என்று எழுதிவைத்தார். தீங்கு நேராதிருக்கவே அவ்வாறு செய்தனர் என்பதையும் சொன்னார். அவரிடம் செய்தி இருந்தது, பெயர் இல்லை. பெயர் வர ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் ஆயின.

1848, 1849ஆம் ஆண்டுகளில் பாரிசு நகரின் இடுகாடுகளில் கல்லறைகள் இரவோடிரவாகத் தோண்டப்பட்டு உடல்கள் சிதைக்கப்பட்டன. நகரமே அச்சத்தில் ஆழ்ந்தது. மோன்பர்னாஸ் இடுகாட்டின் மதிலில் பொறி ஒன்று வைக்கப்பட்டது. 1849 மார்ச்சு மாதத்தில் ஓரிரவு அப்பொறியில் காயமுற்றுச் சிக்கியவன் பிரெஞ்சுப் படையின் சார்ஜென்ட் ஒருவன். பெர்த்ராந் என்பது அவன் பெயர். அவ்வாண்டு சூலையில் படைத்துறை நீதிமன்றம் அவனை விசாரித்தது. குற்றத்தை அவன் மறைக்கவில்லை. தீர்ப்பு என்ன தெரியுமா? ஓராண்டுச் சிறை.

நீதிபதிகள் இரக்கங்காட்டினர் என்று எண்ணவேண்டா. அவர்கள் கையிலிருந்தது 1810ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தண்டனைத் தொகுப்பின் 360ஆம் பிரிவு. கல்லறைகளைச் சிதைத்தல் என்பதே அதிலுள்ள குற்றம். அதற்கு மிகுதியான தண்டனையே ஓராண்டுதான். சட்டத்தின் கண்ணுக்குக் கல்லும் மண்ணும் தெரிந்தன. கல்லின் கீழ்க் கிடந்த பெண் தெரியவில்லை.

சட்டத்தில் பெயரில்லாத ஒன்றிற்குப் பெயர் தேடும் வேலை மருத்துவர்களிடம் வந்து சேர்ந்தது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் மனநோயாளரின் நலனுக்காகப் பெரிதும் உழைத்த மருத்துவர் ஜோசஃப் கிஸ்லேன் என்பவர். (1797–1860 அவர் காலம், அவர் பெயரில் அந்நகரில் ஓர் அருங்காட்சியகமும் உள்ளது.) மாணவர்க்கு அவர் ஆற்றிய விரிவுரைகள் 1852இல் நூலாயின. பெர்த்ராந் போன்றோரைக் குறிக்க அவ்விரிவுரைகளில் அவர் ‘நெக்ரோஃபில்’ என்றொரு சொல்லைக் கூட்டினார். ஆக, இச்சொல் கிரேக்க உடை அணிந்த பிரெஞ்சுச் சொல்லேயன்றிக் கிரேக்கர் வழங்கிய சொல் அன்று. பழம் ஏதென்ஸ் நகரத்தானிடம் இதனைக் கூறியிருந்தால், தன் முன்னோரின் கல்லறைக்குத் தவறாமல் சென்று நீர்க்கடன் செய்யும் ஒரு நல்ல மகனை அவன் எண்ணிக்கொண்டிருப்பான்!

கிராஃப்ட் எபிங் என்னும் செருமானிய மனநோய் மருத்துவர் 1886இல் வெளியிட்ட நூலே இத்தகைய சொற்களை உலகெங்கும் பரப்பியது. அவரும் நம்மைப் போலவே கூச்சம் உடையவர். கல்லாதார் கையில் நூல் போய்ச்சேராதபடி தலைப்பை இலத்தீனில் வைத்தார். மிகக் கூசத்தக்க பகுதிகளையும் இலத்தீனிலேயே எழுதினார். அதனால் நூலின் விற்பனை குறைந்ததாகத் தெரியவில்லை.

20ஆம் நூற்றாண்டில் இச்சொல் மருத்துவ அறையை விட்டு அரசியல் மேடைக்கும் ஏறியது. நாசிகளின் செருமனியிலிருந்து அமெரிக்கா சென்ற எரிக் ஃப்ரம், 1964இலும் 1973இலும் எழுதிய நூல்களில், உயிருள்ளவற்றை வெறுத்து உயிரற்றவற்றையும் அழிவையும் நாடும் குணப்போக்கு முழுவதையும் இப்பெயரால் சுட்டினார். இதற்கு எதிராக ‘பயோஃபிலியா’, அதாவது உயிர்நேயம் என்பதை நிறுத்தினார். 1936 அக்டோபர் 12 அன்று சாலமான்கா பல்கலைக்கழக மண்டபத்தில், ‘சாவு வாழ்க’ என்று முழங்கிய படைத்தலைவன் ஒருவனின் கூட்டத்தாரை எதிர்த்து முதிய அறிஞர் உனாமுனோ ஆற்றிய உரையிலிருந்து அச்சொல்லாட்சியைத் தாம் பெற்றதாக ஃப்ரம் கூறுகிறார். அவ்வுரையின் சொற்களாக இன்று வழங்குபவை 1941இல் வேறொருவர் எழுதிய எழுத்துவடிவம். அங்கே சொல்லுக்குச் சொல் பேசப்பட்டவை அவையே என்பதற்கில்லை. ஃப்ரம்மின் விரிவு சிந்தனைக்கு விருந்துதான். ஆனால் ஒரு கொடுங்கோலனின் போர்வெறியையும் ஒரு பிணவறைக் குற்றத்தையும் ஒரே சொல்லால் அழைக்கும்போது, பிணவறையில் கிடந்தவர் மறக்கப்பட்டுவிடுகிறார் என்பது நம் கருத்து.

சட்டமும் திணையும்

இனி அம்மாணவர் நீட்டிய நாளிதழ் நறுக்கிற்கு வருவோம். துமகூரு மாவட்டத்தில் 2015இல் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். கொன்றவன் அதன்பின் அவ்வுடலையும் சிதைத்தான். விசாரணை நீதிமன்றம் கொலைக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றம் கொலைக்கான ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. வன்கொடுமைக் குற்றத்திலிருந்து அவனை விடுவித்தது. இறந்த உடலைச் சட்டம் ‘நபர்’ என்று கொள்வதில்லை என்பதே காரணம். நீதிபதிகள் அதனை மகிழ்ந்து சொல்லவில்லை. சட்டத்தில் இடமில்லாமையை எடுத்துக்காட்டி, இறந்தோர் உடலின் மானத்தைக் காக்கச் சட்டத்தைத் திருத்துமாறு 6 மாத காலத்தைக் குறித்து ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைத்தனர். பிணவறைகளில் கண்காணிப்புக் கருவிகள் பொருத்துமாறு மாநில அரசுக்கும் அறிவுறுத்தினர்.

அப்படியாயின் இந்தியச் சட்டத்தில் எதுவுமே இல்லையா? ஒன்று இருந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 297ஆம் பிரிவு, இடுகாடுகளில் அத்துமீறி நுழைவதையும், மனித உடலை இழிவுசெய்வதையும், ஈமச்சடங்கிற்குக் கூடியோர்க்கு இடையூறு விளைப்பதையும் குற்றமாக்கியது. அப்பிரிவு இருந்த இடத்தையும் அதன் நிபந்தனையையும் கவனிக்கவேண்டும். மதம் தொடர்பான குற்றங்களின் அத்தியாயத்தில் அது இருந்தது. பிறர் உணர்வைப் புண்படுத்தும் அல்லது மதத்தை அவமதிக்கும் நோக்கமோ, அவ்வாறு நேரக்கூடும் என்னும் அறிவோ இருந்தால்தான் குற்றம். புண்படுபவர் உயிரோடிருப்பவர். இறந்தவர் அக்குற்றம் நிகழும் இடம் மட்டுமே. மிகுதியான தண்டனை எவ்வளவு? இங்கும் ஓராண்டுதான்! 1849இல் பாரிசில் பெர்த்ராந் பெற்ற அதே ஓராண்டு.

2024 சூலை 1 அன்று அச்சட்டத்தின் இடத்திற்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய 297 அங்கே 301ஆம் பிரிவாக, அதே ஓராண்டுடன் நீடிக்கிறது. உயர்நீதிமன்றம் பரிந்துரைத்த தனிப்பிரிவு அதில் இடம்பெறவில்லை. ஆனால் உச்சநீதிமன்றம் 1995இலேயே பரமானந்த் கட்டாரா தொடுத்த வழக்கில், அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் மானத்தோடு நடத்தப்படும் உரிமை இறந்தபின் உடலுக்கும் உண்டு என்று கூறியிருக்கிறது. உரிமை உண்டு, அதைக் காக்கும் தண்டனைப் பிரிவு இல்லை. கனடாவின் குற்றவியல் தொகுப்பு இறந்தோர் உடலை இழிவுசெய்வோர்க்கு, எவர் உணர்வும் புண்பட்டதா என்று கேளாமல், 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. இங்கிலாந்தும் 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்கள் சட்டத்தில் இதற்கெனத் தனிப்பிரிவு வகுத்தது.

தமிழாசிரியரான நமக்கு இவ்விடத்தில் நீதிமன்றத்தின் கேள்வி புதிதாகத் தோன்றவில்லை. இறந்த உடல் ‘நபரா’ அன்றா என்று சட்டம் கேட்பதும், ‘எத்திணை’ என்று இலக்கணம் கேட்பதும் ஒன்றே. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே மக்களை உயர்திணை எனவும் ஏனையவற்றை அஃறிணை எனவும் பிரித்துத்தான். மூச்சு நின்ற அக்கணத்தில் ஒருவர் திணை மாறிவிடுகிறாரா?

ஏட்டுத் தமிழ் மாறிவிட்டார் என்கிறது. ‘பிணம் கிடந்தது’, ‘சடலம் மீட்கப்பட்டது’, ‘பிரேதம் ஒப்படைக்கப்பட்டது’ என எல்லாம் அஃறிணை முடிபு. பிரேதம் என்பது வடமொழியில் ‘முன்னே சென்றவர்’ என்று பொருள்படும் மென்மையான சொல். பிரேதப் பரிசோதனை என்று அலுவலகத் தாளில் ஏறியபின் அம்மென்மை எங்கோ போயிற்று. அரபியிலும் ‘மய்யித்’ என்பது இறந்த மனிதரையே சுட்டும். தானே செத்த விலங்கை ‘மய்த்தா’ என்று வேறுபடுத்துவர். அவ்வளவு நுட்பமாகப் பிரித்த சொல், தமிழுக்கு வந்து ‘மையத்து’ ஆனதும் ‘மையத்து வந்துவிட்டது’ என்று அஃறிணை முடிபை ஏற்றுக்கொண்டது.

வீட்டுத் தமிழோ வேறு. இழவு வீட்டின் முற்றத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். "வாப்பாவை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்றே மகன் கேட்பான், "அம்மாவைக் குளிப்பாட்டியாயிற்றா?" என்றே மகள் கேட்பாள். அடக்கம் முடித்துத் திரும்பியவர் "உடலை அடக்கிவிட்டு வந்தோம்" என்பதில்லை. "அவரை அடக்கிவிட்டு வந்தோம்" என்பர். மண்ணில் இறக்கும் வரை, ஏன், இறக்கிய பின்னும் அவர் உயர்திணையே. ‘ஜனாஸா’ என்னும் சொல்லின் வேருக்கு மூடுதல், மறைத்தல் என்று அரபி அகராதியார் பொருள் கூறுவர். குளிப்பாட்டுவோர் அப்போதும் உடலின்மேல் துணியை விலக்குவதில்லை. துணிக்குள் கைவிட்டே கழுவுவர். வெட்கம் உயிர் உள்ளவர்க்குத்தானே என்று அங்கே எவரும் வாதிடுவதில்லை.

தமிழில் என்ன சொல்வது?

இவ்வளவு சுற்றிவந்த பின்னரே அம்மாணவர் வினாவிற்கு விடை சொல்லும் துணிவு வந்தது. இதற்கு ஒரு சொல் போதாது. இரண்டு வேண்டும் என்பது நம் துணிபு. மருத்துவர் பேசுவது ஒருவனின் மனக்கோளாற்றைப் பற்றி. அதற்குக் ‘காதல்’, ‘நேயம்’, ‘அன்பு’ என்பனவற்றை ஒருபோதும் இடக்கூடாது. ஃபிலியாவில் ஐரோப்பியர் செய்த பிழையை நாம் திரும்பச் செய்யவேண்டியதில்லை. ‘விழைவு’ என்பது நன்மை தீமை இரண்டிற்கும் பொதுவான சொல் ஆதலின் ‘பிணவிழைவு’ எனலாம். அங்கே பிணம் என்னும் அஃறிணைச் சொல்லே பொருத்தம். அக்கோளாறு உடையவன் அங்கு மனிதரைப் பார்ப்பதில்லை.

சட்டமும் செய்தித்தாளும் பேசுவது வேறு. அவை ஒருவர்க்கு இழைக்கப்பட்ட தீங்கைப் பற்றிப் பேசுகின்றன. செய்திகளில் ‘பிணத்துடன் உறவு’ என்று எழுதும் வழக்கம் நம்மை உறுத்துகிறது. உறவு என்பது இருவர் கொள்வது. ‘உடன்’ என்னும் உருபும் இருவர் உடன்பாட்டைக் குறிப்பால் உணர்த்திவிடுகிறது. பெர்த்ராந் யாருடனும் உறவு கொள்ளவில்லை. எனவே இவ்விடத்திற்கு ‘பிணத்தின் மீதான பாலியல் வன்கொடுமை’ என்று வைத்துக்கொள்ளலாம் என முடிவுசெய்து, இரண்டு தொடரையும் மறுவகுப்பில் கரும்பலகையில் எழுதினோம்.

நறுக்கை நீட்டிய மாணவர் இம்முறை எழவில்லை. முதல் வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்தார். "ஐயா, இரண்டாவதிலும் ‘பிணம்’ என்றே எழுதினால் அதுவும் அஃறிணைதானே? ‘இறந்தோர் மீதான பாலியல் வன்கொடுமை’ என்று எழுதினால் என்ன?" என்றார்.

பல வாரங்கள் தேடிய நாம் தவறவிட்டதை அவர் ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார். கரும்பலகையில் ‘பிணத்தின்’ என்பதை அழித்துவிட்டு ‘இறந்தோர்’ என்று எழுதினோம். வகுப்பு அதைப் படியெடுத்துக்கொண்டது.